‘முதன்மையாக’ என்ற ஒரு சொல்

ஊட்டியில் நான் படித்த காலத்தில் வேதியியல் ஆய்வகத்தின் மூலை அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் மஞ்சள் படிந்த மெழுகுவத்தித் துண்டுகள் போல நான்கைந்து குச்சிகள். டிசம்பர் மாதக் காலை ஒன்றில் ஆசிரியர் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்தார். அன்றைய குளிரில் அது பற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நூல் நூலாக வெள்ளைப் புகை கிளம்பியது. பூண்டு வாடை அடித்தது. ஜன்னலை அடைத்ததும் துண்டு வெளிறிய பச்சையாக மினுங்கியது. “கோயம்புத்தூரில் இதைச் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போட்டார்.

அதுதான் வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் மூலக்கூறில் நான்கு அணுக்கள் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளில் இருக்கின்றன. பிணைப்புகளுக்கு இடையே 60 பாகைக் கோணம்தான். வளைத்துக் கட்டிய மூங்கில் கட்டறுக்கக் காத்திருப்பதைப் போன்ற இறுக்கம். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில் காற்று பட்டாலே எரியத் தொடங்கும். 44 டிகிரியில் உருகி, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எரிந்து கிடைக்கும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பாஸ்பாரிக் அமிலத் துளிகளாக மாறுகிறது. நாம் பார்க்கும் அடர்ந்த வெள்ளைப் புகை அந்தத் துளிகளே. கணக்குப் போட்டால் ஒரு கிலோ பாஸ்பரஸ் 3 கிலோவுக்கு மேல் அமிலம் தரும்; அந்த அமிலம் மேற்கொண்டு இழுத்துக்கொள்ளும் நீர் தனி. சுமந்து போவது கொஞ்சம், மிச்சத்தைக் காற்றே கொடுத்துவிடுகிறது. பனிமூட்டம் இறங்கும் குன்னூரில் அந்தப் புகை இன்னும் தடிக்கும்.

படைகளுக்கு அது பிடித்துப்போனது இதனால்தான். வெலிங்டன் பக்கம் எனக்கு அண்டை வீட்டுக்காரர் பீரங்கிப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். “எதிரே ஜன்னலுக்கு ஜன்னல் துப்பாக்கி இருக்கும்போது தெருவைக் கடக்கச் சொல்லிப் பையன்களை அனுப்பிப் பாருங்கள், சார். புகைத்திரை இல்லாவிட்டால் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள்” என்பார். புகை கிடைக்காத படை வெடிகுண்டுகளால் வழி உண்டாக்கிக்கொள்ளும் என்றும் சொல்வார். அதை என்னால் தள்ளிவிட முடிவதில்லை.

ஆனால் புகை வருவது எரியும் துண்டிலிருந்து. உடலில் ஒட்டினால் அது சதைக்குள் இறங்கி எரிகிறது. காற்றை மறித்தால் அணையும். கட்டைப் பிரித்துக் காற்று பட்டதும் மீண்டும் புகையும். அதனால் மருத்துவர்கள் ஈரத்துணியால் புண்ணை மூடிவைத்து, துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. தீப்புண் சிறியதாக இருந்தாலும் பாஸ்பரஸ் இரத்தத்தில் கலந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது? சில மரபு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1980-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறை எரிகுண்டுகளுக்கானது. இந்தியா 1984-இல் இதை ஏற்றது. பொருள்களுக்குத் தீ வைக்கவோ மனிதர்களுக்குத் தீப்புண் உண்டாக்கவோ ‘முதன்மையாக’ வடிவமைக்கப்பட்டதே எரி ஆயுதம் என்பது அதன் வரையறை. வெளிச்சத்துக்கும் புகைக்கும் சமிக்ஞைக்கும் செய்யப்பட்டு, தற்செயலாகத் தீயும் உண்டாக்குபவை அதில் சேராது. கூழாக்கிய பெட்ரோலான நாபாம் மாட்டிக்கொண்டது, புகைக்குண்டு என்ற பெயரில் பாஸ்பரஸ் நழுவிவிட்டது. போதாக்குறைக்கு, மக்கள் செறிந்த இடத்தில் விமானத்திலிருந்து போடும் எரிகுண்டுகளுக்கு ஒரு விதி, தரையிலிருந்து ஏவுபவற்றுக்கு அதைவிடத் தளர்ந்த விதி. ஓட்டுக்கூரையில் விழும் கங்குக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இதை இரசாயன ஆயுதம் என்று அழைப்பவர்களும் உண்டு. அது சரியல்ல. இரசாயன ஆயுத உடன்படிக்கை நச்சுத்தன்மையையே ஆயுதமாக்குவதைத் தடுக்கிறது. இங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம்.

2004 நவம்பரில் ஈராக்கின் பலூஜா நகரில் அமெரிக்கப் படை இதைப் பயன்படுத்தியது. வெளிச்சத்துக்காக மட்டுமே என்றுதான் முதலில் சொன்னார்கள். மறு ஆண்டில், எதிரிப் போராளிகள் மீதே எரி ஆயுதமாகப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள். காசாவில் 2009 ஜனவரி 15 அன்று ஐ.நா. நிவாரண நிறுவனத்தின் வளாகத்தில் பாஸ்பரஸ் குண்டுகள் விழுந்து கிடங்குகள் எரிந்தன. அங்கே பயன்பட்ட வகைக் குண்டு ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸில் ஊறிய 116 கம்பளித் துண்டுகள் இருக்கும். வானில் வெடித்தால் அவை 125 முதல் 250 மீட்டர் விட்டத்துக்குச் சிதறும். குன்னூர் மார்க்கெட்டை நடுவில் வைத்து அந்த வட்டத்தைத் தாளில் வரைந்து பார்த்தேன். காய்கறிக் கடைகள், துணிக்கடைகள், சரிவில் ஒன்றன் தலையில் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

சரிவில் தீ எப்படி ஓடும் என்பதை மார்ச் மாதத்தில் இந்த மலையில் இருப்பவர்கள் அறிவார்கள். கீழே எரியும் சுவாலை மேலே இருக்கும் உண்ணிச்செடியை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடும். அதனால் மேட்டை நோக்கித்தான் தீ வேகமாகப் பாயும். நகரத்தில் நூற்றுக்கணக்கான தீக்கள் ஒன்றுசேர்ந்தால் சூடான காற்று தூணாக மேலெழும்பி, நாலாபுறமிருந்தும் காற்றைப் புயல்போல உள்ளே இழுக்கும். இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர்மீது குண்டுகள் வீசப்பட்டபோது நடந்தது அதுதான். அந்தக் குண்டுவீச்சுகளில் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலவறைகளில் ஒளிந்த பலரைக் கார்பன் மோனாக்சைடு கொன்றது. பாஸ்பரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும், 1669-இல், அதே ஊரில்தான்.

இன்னொரு விந்தை. தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்ததால், வெள்ளைப் பாஸ்பரஸைத் தீக்குச்சியில் பயன்படுத்தக் கூடாது என்று 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. இன்று தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது தானாகப் பற்றாத சிவப்புப் பாஸ்பரஸ். அதைக் கொண்டு செய்த புகைக்குண்டுகளும் இருக்கின்றன.

வட்டம் போட்ட தாளை அண்டை வீட்டுக்காரரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்த ஊருக்கு மேலே வெடிக்க வைக்க மாட்டேன். வேறு புகைக்குண்டு இருக்கிறதா என்று கேட்பேன்” என்றார்.

“கேட்க நேரம் இருக்குமா?”

“இருக்காது” என்றார்.