கார் டேஷ்போர்டுக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க்

2008 வாக்கில் வந்த பிஎம்டபிள்யூ கார்களில் சிஐசி என்றொரு யூனிட் (மேப்பையும் பாட்டையும் நடத்தும் டேஷ்போர்டு கணினி) இருக்கும், அதைக் கழற்றித் திறந்தால் உள்ளே 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், லேப்டாப்பில் இருக்குமே அதே இரண்டரை அங்குல அளவில். மேப், நாம் ஏற்றி வைத்த பாட்டு எல்லாம் அதில்தான். அந்தக் காலத்து ஆடி, மெர்சிடிஸ், கிரைஸ்லர் கார்கள் பலவற்றிலும் இதே கதைதான். அத்தனை ஜிபிக்கு ஃபிளாஷ் மெமரி போட அப்போது விலை கட்டுப்படியாகாது.

சரி, அளவு ஒன்றுதானே, பழைய லேப்டாப் டிஸ்க்கை மாட்டிவிடலாமா? ஓடலாம், ஆனால் அதிக நாள் தாங்குவது சந்தேகம். லேப்டாப் டிஸ்க் பொதுவாக 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் என்று செய்யப்பட்டது. டோஷிபா கார்களுக்கென்றே செய்த டிஸ்க்குகள் மைனஸ் 30 முதல் 85 வரை தாங்கும். கடுங்குளிரில் மோட்டார் பேரிங்கில் உள்ள எண்ணெய் கெட்டியாகி, தகவல் பதிந்திருக்கும் தட்டு சரியான வேகத்துக்கு வரவே திணறும். இன்னொரு சிக்கல், காற்று. படிக்கும் ஹெட் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல்தான் மிதக்கிறது. மலை ஏற ஏறக் காற்று மெலிந்து ஹெட் கீழே இறங்கும், ஒருமுறை உரசினால் முடிந்தது. சாதாரண டிஸ்க்குக்குச் சுமார் 3,000 மீட்டர்தான் வரம்பு, பெரு நாட்டின் டிக்லியோ கணவாய்ச் சாலையோ 4,800 மீட்டரைத் தாண்டுகிறது.

டிஸ்க் சாகப்போகிறது என்றால் முதலில் மேப் இழுக்கும், பாட்டு நடுவில் நிற்கும். கெட்டுப்போன செக்டாரை (தகவல் பதியும் சின்னத் துண்டு) டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அதனால்தான் இந்தத் தாமதம். மாற்றுவதானால் டிஸ்க் முழுதாகச் சாவதற்குள் இப்போதே மாற்ற வேண்டும், ஏனென்றால் ஸ்குரூ கழற்றுவதல்ல, உள்ளே இருப்பதை நகலெடுப்பதுதான் உண்மையான வேலை. இந்த யூனிட்கள் பலவற்றில் ஓடுவது க்யூஎன்எக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால் அதற்கு ஒன்றும் புரியாமல் ஃபார்மேட் பண்ணவா என்று கேட்கும், தவறியும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஃபைல் ஃபைலாக இல்லாமல் செக்டார் செக்டாராக நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம் இதற்கென்றே செய்தது மாதிரி: நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும்.

சில யூனிட்களில் டிஸ்க்குக்கே ஏடிஏ பாஸ்வேர்டு (ஃபைலுக்கு அல்ல, டிஸ்க் முழுவதற்கும் போடும் பூட்டு) போட்டிருப்பார்கள். மின்சாரம் வந்ததும் யூனிட் அதைச் சொல்லித் திறக்கும். மின்சாரம் போனால் மறுபடி பூட்டு. அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் மாடலும் கொள்ளளவும் தெரியும், தகவல் ஒரு பைட்கூட வராது.

புதிதாகப் போடுவது எஸ்எஸ்டி, அதாவது ஃபிளாஷ் மெமரியால் ஆன டிஸ்க், என்றால் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் ஹெட்டும் இல்லை, மலையும் குலுக்கலும் ஒரு பொருட்டே இல்லை. வெயில் மட்டும் இன்னும் பிரச்சினைதான்: கடையில் கிடைக்கும் சாதா எஸ்எஸ்டிக்கு வரம்பு 70 டிகிரி, அதனால் 85 வரை தாங்கும் இண்டஸ்ட்ரியல் ரகம் பார்த்து வாங்குங்கள். கொள்ளளவு பழையதைவிட ஒரு செக்டார்கூடக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் நகல் முழுசாக உட்காராது.