பட்டாளப் பயிற்சி பையனைத் திருத்துமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு பையன் பைக் திருட்டிலோ அடிதடியிலோ மாட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: "பட்டாளத்துல கொண்டுபோய் விட்டாத்தேன் உருப்படுவான்." அந்த வேதனை நியாயமானது. வழிதான் தவறு.

குற்றம் செய்தவர்களுக்குப் பட்டாளப் பாணியில் பயிற்சி தரும் முகாம்களை அமெரிக்கா 1983-லேயே தொடங்கிப் பார்த்துவிட்டது. முதலில் பெரியவர்களுக்கு, பிறகு சிறுவர்களுக்கு. மொட்டை, விடியற்காலை அணிவகுப்பு, தண்டால், ஓயாத அதட்டல் என்று மூன்று முதல் ஆறு மாதம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முகாமுக்குப் போனவர்களும் போகாதவர்களும் மறுபடி குற்றத்தில் சிக்கிய அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2006 ஜனவரியில் புளோரிடா முகாம் ஒன்றில் சேர்ந்த அன்றே காவலர்களால் தாக்கப்பட்ட 14 வயதுச் சிறுவன் மறுநாள் இறந்தான். அந்த மாநிலம் அதே ஆண்டில் சிறுவர் முகாம்களை மூடியது.

ஏன் பலிப்பதில்லை? அதட்டலுக்கு அடங்குவது அதட்டுபவர் எதிரே நிற்கும்வரைதான். படிப்பு நின்றது, அப்பாவின் குடி, கஞ்சா, கூட்டாளிகள் எதையும் தண்டால் தொடாது. தவறு செய்த பையன்களை ஒன்றாக அடைத்தால் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதும் உண்டு. ராணுவ வீரர் விரும்பிச் சேர்கிறார். சம்பளமும் மரியாதையும் பல ஆண்டு வேலையும் அவருக்குக் கிடைக்கின்றன. முகாம் கொடுப்பது அதட்டலை மட்டுமே.

நம் சட்டம் வேறு பாதை வைத்திருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ உடனே எடுத்துச் செல்லுங்கள். வயதை நிரூபிக்கத் தாமதமானால் பையன் பெரியவர்களோடு சேர்க்கப்படும் ஆபத்து உண்டு.

நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள், பையனின் வீட்டுச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத் தர வேண்டும். குழுமம் முடிவெடுக்க இது முக்கியம். குடும்ப மானம் போகுமென்று குடியையும் கடனையும் அவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் உரிய ஆலோசனையோ போதை சிகிச்சையோ பையனுக்குக் கிடைக்காது. எச்சரிக்கை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று வீட்டிலிருந்தபடியே திருந்தும் வழிகள் குழுமத்தின் கையில் இருக்கின்றன.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான வேலை. பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். மாலை நேரம் காலியாக இருக்கக் கூடாது: பள்ளி, ஐடிஐ, தச்சு, வயரிங் என்று ஒரு பிடிப்பு வேண்டும். ஊராரிடம் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதும் குற்றம். பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட வழக்கு தவிர, குழுமத்தின் தீர்ப்பு பின்னாளில் வேலைக்குத் தகுதிக் குறைவாகாது. ராணுவத்துக்கே விண்ணப்பித்தாலும் அப்படித்தான். இதைப் பையனிடமும் சொல்லுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.