முதுமை ஆய்வில் வராதவர்களின் கணக்கு

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு 84.8 ஆண்டுகள் என்றும், அதில் நல்ல உடல்நலத்தோடு வாழக்கூடியவை 74.2 ஆண்டுகள் என்றும், 2017ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்த அறிக்கை ஒன்றைச் சுகாதார அமைச்சும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கழகமும் சேர்ந்து 2019இல் வெளியிட்டன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 10.6 ஆண்டுகள். இந்த எண்ணைக் கேட்கும் பலர், வாழ்க்கையின் கடைசிப் பத்து ஆண்டுகளையும் படுக்கையில் கழிக்க நேருமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் குறைபாட்டுக்கும் அதன் கடுமைக்கேற்ப 0 முதல் 1 வரை ஓர் எடை தரப்படுகிறது. முப்பது வயதில் முதுகுவலியால் அவதிப்பட்ட சில மாதங்கள், நாற்பதுகளில் மனச்சோர்வோடு கழிந்த ஓராண்டு, எழுபதில் காது மந்தமானதால் ஆண்டுதோறும் இழக்கும் ஒரு சிறு பின்னம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிக் கிடைப்பதே 10.6. அது ஒரு வாழ்நாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் இழப்பின் மொத்தத் தொகை.

ஆயுள் எதிர்பார்ப்பும் ஒருவரது எதிர்காலத்தைக் குறித்துச் சொல்லும் ஆரூடம் அன்று. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து, அதே நிலை நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை எவ்வளவு காலம் வாழும் என்று பெருக்கிப் பார்ப்பதுதான் ஆயுள் அட்டவணை. வால்விண்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு செய்த கணக்கின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இளம் வயதிலேயே இறந்தவர்களும் அந்தச் சராசரியில் சேர்ந்திருப்பதால், 65 வயதை எட்டிவிட்ட சிங்கப்பூரர் 84.8இலிருந்து 65ஐக் கழித்துப் பார்ப்பது சரியாகாது. அவருக்கு இன்னும் சுமார் 21 ஆண்டுகள் உள்ளன என்பதே அட்டவணை தரும் விடை.

ஆனால் இவை யாவும் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எடுத்த நிழற்படங்கள். ஒரு மனிதர் எப்படி மூப்படைகிறார் என்பதை நிழற்படத்திலிருந்து படிக்க முயல்வது ஆபத்தானது. 2025இல் 80 வயதை எட்டியவர் ஜப்பானியர் ஆட்சி முடிவுற்ற 1945இல் பிறந்தவர்; 60 வயதை எட்டியவர் சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற 1965இல் பிறந்தவர். இருவருக்கும் ஒரே நாளில் ஒரே நினைவாற்றல் சோதனையை வைத்து, மூத்தவர் குறைவாக மதிப்பெண் பெற்றதைக் கண்டு, இருபது ஆண்டுகளில் நினைவு இவ்வளவு தேய்கிறது என்று முடிவு கட்டினால் அது தவறாகும். மூத்தவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், பள்ளிக்கூடத்தில் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் இருக்க வாய்ப்பே பெறாதவர்கள். பென்சிலைப் பிடித்து ஒரு வடிவத்தைப் பார்த்து வரையச் சொல்லும்போது அவர்கள் திணறுவது மூளையின் தேய்மானத்தை மட்டும் காட்டுவதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு கிடைக்காத கல்வியையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே, ஒரே மனிதரை ஆண்டுகள் கடந்து மீண்டும் மீண்டும் அளப்பதைத் தவிர முதுமையை ஆராயும் எங்களுக்கு வேறு வழி இல்லை.

இத்தகைய பின்தொடர் ஆய்வுகள் சிங்கப்பூரில் நெடுங்காலமாகவே நடந்து வருகின்றன. 1993 முதல் 1998 வரை 45 முதல் 74 வயதுக்குட்பட்ட 63,257 சீனர்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இந்தியர்களைப் பற்றித் தனியே அறிய 2007 முதல் 2009 வரை தீவின் தென்மேற்குப் பகுதியில் 3,400 பேரை வைத்துக் கண்நல ஆய்வு ஒன்று நடந்தது. அப்படித் தனி ஆய்வு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. குடியிருப்பாளர்களில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. எளிய குலுக்கலில் ஆயிரம் பேரை எடுத்தால் நூறு இந்தியர்கூடத் தேறமாட்டார்கள். அவர்களை ஆண், பெண் என்றும் வயது வாரியாகவும் பிரித்தால் ஒரு பிரிவில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். பத்துப் பேரைக் கொண்டு நீரிழிவைப் பற்றியோ நடை தளர்வதைப் பற்றியோ எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தேசிய அளவிலான ஆய்வுகளில் சிறுபான்மையினரையும் முதிர்ந்த வயதினரையும் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்துவிட்டு, மொத்த மக்கள்தொகைக்கான சராசரியைக் காணும்போது கணக்கில் அவர்களுக்குத் தரும் எடையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

அளவீடு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் எளிய செயல்களே. முழங்கையை மடித்து, கைப்பிடியின் வலிமையை அளக்கும் கருவியான பிடிமானியை இயன்ற மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறோம். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பிடிவலிமை போதாது என்று பொருள். பிறகு சில மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரத்தைக் குறிக்கிறோம். நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தால் அது மெதுவான நடை. தெருவைக் கடக்கும் மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும் 'கிரீன் மேன் பிளஸ்' வசதி 2009 முதல் இங்கே இருப்பது, இந்த ஒரு மீட்டர் அன்றாட வாழ்வில் எவ்வளவு பெரிது என்பதை உணர்த்தும்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஐந்து மூத்தோரின் நடை வேகம் நொடிக்கு 1.2, 1.1, 1.0, 0.8, 0.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; சராசரி 0.94. மூன்று ஆண்டுகளில் ஐவருமே 0.1 மீட்டர் வேகத்தை இழந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு முதல் மூவர் மட்டுமே வருகிறார்கள். மெதுவாக நடந்த இருவரில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். மற்றவருக்கு வீட்டைவிட்டு வெளியே வரத் தெம்பில்லை. வந்தவர்களின் வேகம் 1.1, 1.0, 0.9, சராசரி 1.0. ஒருவர் விடாமல் எல்லோரும் தளர்ந்திருக்க, சராசரியோ ஏறியிருக்கிறது! வந்தவர்களை மட்டும் பார்த்து அறிக்கை எழுதினால், மூன்று ஆண்டுகளில் மூத்தோரின் உடல்நலம் மேம்பட்டுவிட்டது என்று அது சொல்லும். என் பார்வையில் முதுமை ஆய்வின் ஆகப் பெரிய சிக்கல் இதுதான். யாரைப் பற்றி அறிய வேண்டி ஆய்வு தொடங்கப்பட்டதோ, அவர்களே முதலில் தரவிலிருந்து மறைகிறார்கள்.

இதைச் சரிசெய்ய, யார் வராமல் போகக்கூடும் என்பதையே முதலில் கணிக்கிறோம். முதல் சுற்றில் எல்லோரைப் பற்றியும் தகவல் இருக்கிறது: வயது, நடை வேகம், நோய்கள், தனியாக வசிக்கிறாரா என்பன. மெதுவாக நடந்த 100 பேரில் 40 பேர் மட்டும் திரும்பி வந்திருந்தால், அந்த 40 பேரில் ஒவ்வொருவரும் 2.5 பேருக்காகப் பேச வேண்டும். வேகமாக நடந்த 100 பேரில் 90 பேர் வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 1.1 போதும். இந்த எடைகளோடு கணக்கிட்டால், ஏறியது போலத் தோன்றிய சராசரி இறங்கி உண்மைக்கு அருகில் வரும். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நாங்கள் அளந்த குணங்களில் ஒத்திருக்கும் இருவரில், வந்தவரும் வராதவரும் மற்றவற்றிலும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். அது பொய்த்துப்போகலாம். ஆகவே, வராதவர்கள் நாங்கள் நினைத்ததைவிட இன்னும் 0.1 மீட்டர் தளர்ந்திருந்தால் முடிவு மாறுமா, 0.2 மீட்டர் என்றால் மாறுமா என்று படிப்படியாகச் சோதித்துப் பார்க்கிறோம். எளிதில் கவிழ்ந்துவிடும் முடிவை வெளியிடாமல் இருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

இறந்தவர்களின் கணக்கு வேறு வகையானது. வீட்டில் இருப்பவருக்கு நடை வேகம் உண்டு, நாங்கள் அதை அளக்கவில்லை, அவ்வளவுதான். இறந்தவருக்கு அப்படி ஒரு வேகமே இல்லை என்பதால் அதை ஊகித்து நிரப்புவதில் பொருளில்லை. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் எவ்வாறு நடக்கிறார்கள் என்று இரண்டையும் தனித்தனியே சொல்வதுதான் நேர்மையானது. இங்கே பிறப்பு, இறப்புப் பதிவு முழுமையாக இருப்பதால், பங்கேற்பாளர் இறந்தாரா, தொடர்பில் இல்லாமல் போனாரா என்பதைப் பெரும்பாலும் பிரித்தறிய முடிகிறது. சிறிய, பதிவு ஒழுங்கான நாட்டில் ஆய்வு செய்வதன் பெரிய நன்மை இது.

இருப்பினும் சிலர் ஓய்வுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கோ ஜொகூருக்கோ குடிபெயர்ந்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களைப் பற்றிய செய்தி கிடைப்பதில்லை. இதற்கான வழியை எட்வர்ட் கப்லான், பால் மையர் ஆகிய இருவர் 1958இல் காட்டினார்கள். பத்துப் பேரில் முதலாண்டில் ஒருவர் இறந்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.9. பிறகு மூவர் நாட்டைவிட்டுச் செல்கிறார்கள். மிஞ்சிய அறுவரில் ஒருவர் அடுத்த ஆண்டு இறக்கிறார். அப்போது 0.9ஐ ஆறில் ஐந்தால் பெருக்க வேண்டும், விடை 0.75. சென்ற மூவரும் உயிரோடிருப்பதாகக் கொண்டால் 0.8 என்றும், அவர்களைத் தொடக்கத்திலிருந்தே நீக்கிவிட்டால் 0.71 என்றும் வரும். சரியான முறையில், அவர்கள் இருந்தவரை பின்னத்தின் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், இருக்கிறார்கள், சென்ற நாளிலிருந்து விலகுகிறார்கள்.

தளர்ச்சி என்பது ஒருவழிப் பாதையன்று என்பதையும் பின்தொடர் ஆய்வுகளே காட்டின. காரணமின்றி எடை குறைதல், களைப்பு, பிடிவலிமைக் குறைவு, மெதுவான நடை, நடமாட்டக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு என்று லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் 2001இல் வரையறுத்தனர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அது நலிவின் முன்நிலை. சிங்கப்பூரில் இந்த இரு நிலைகளில் இருந்த 246 மூத்தோருக்குச் சத்துணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, மூன்றும் சேர்ந்தது என வெவ்வேறு உதவிகளைக் குலுக்கல் முறையில் வழங்கிய ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. ஓராண்டில் அந்தக் குழுக்களில் சுமார் 36 முதல் 48 விழுக்காட்டினரின் நலிவு குறைந்தது. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற குழுவிலும் 15 விழுக்காட்டினர் தேறினார்கள். அந்த 15ஐ அளந்திருக்காவிட்டால், தானாகவே தேறியவர்களையும் பயிற்சியின் கணக்கில் எழுதியிருப்போம். குலுக்கல் ஆய்வுகளில், வகுப்புக்கு வருவதை இடையில் நிறுத்திவிட்டவரையும் அவர் முதலில் இடம்பெற்ற குழுவிலேயே வைத்து எண்ணுவது விதி. களைத்து நின்றுவிட்டவர்களை நீக்கினால் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அப்போது எந்தப் பயிற்சியும் பலன் தந்ததாகவே தோன்றும்.