மாதம் ஒருமுறை மலை, தினமும் நெடுஞ்சாலை: உங்கள் பிக்கப்புக்கு எந்த டயர்?

போன வாரம் ஒரு டபுள் கேபின் பிக்கப் ரெக்கவரி வண்டியில் வந்து எங்கள் டயர் கடை வாசலில் இறங்கியது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரை நல்லது. வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை சிப்காட். தினமும் நெடுஞ்சாலையில்தான் போக்குவரத்து. கோடை மழையின் முதல் தூறல், முன்னால் போன லாரி வேகம் குறைக்க, இவரும் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் நடுத்திட்டில் ஏறிவிட்டது. வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புது மட் டயருண்ணா. பட்டன் அப்படியே இருக்குது பாருங்க. இது எப்படிண்ணா ஸ்கிட் ஆவும்?"

இந்த மழைக்கு இப்படி வந்த முதல் வண்டி இதுவல்ல. கேள்வியும் மாறவில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பட்டன், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி, பெரிதாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. குடியாத்தத்தில் இருந்து திருப்பத்தூர் வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். மண்ணில் அது உண்மை. ஏரி உள்வாயில், உழுத வயலில், மழை பெய்த வண்டல் பாதையில் பெரிய பட்டன் மண்ணுக்குள் இறங்கிக் கடித்து இழுக்கும். பட்டனுக்கு நடுவே இருக்கும் அகலமான பள்ளம், டயர் சுற்றும்போது சேற்றை வெளியே எறிந்துவிடும். அதற்காகவே செய்த டயர்தான் மட் டயர்.

தார் ரோட்டிலோ சிமென்ட் ரோட்டிலோ பட்டன் எதற்குள் இறங்கும்? எதற்குள்ளும் இறங்காது. அங்கே பிடிப்பு என்பது ரப்பர் ரோட்டை எவ்வளவு தொடுகிறது என்பதுதான். நம்பாதவர்களுக்குக் கடையில் செய்து காட்டுவேன். டயரைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் வண்டியை அரை அடி உருட்டிவிட்டு, தரையில் விழுந்த ஈர அச்சைப் பார்க்கச் சொல்வேன். சாதா ஹைவே டயரின் அச்சு கிட்டத்தட்ட முழுசாக நிரம்பியிருக்கும். மட் டயரின் அச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக ஈரம், மீதி வெறும் தரை. இரண்டு டன் வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்த வேண்டியது அந்தத் திட்டுகள்தான்.

இன்னும் சந்தேகமா? சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ட்ராக் இருக்கிறது. காய்ந்த ட்ராக்கில் ஓடும் ஃபார்முலா கார் டயரைப் பாருங்கள். அதில் பட்டனே கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். ரோட்டில் பட்டன்தான் பிடிப்பு தருமென்றால் அவர்கள் அல்லவா முதலில் பட்டன் டயர் போட்டிருப்பார்கள்!

"அப்ப ரோட்டு டயர்ல எதுக்குண்ணா காடி?" என்று அடுத்து கேட்பார்கள். காடி என்றால் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளம். அது தண்ணீருக்காக. மழையில் ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே வரும் தண்ணீரை ஒதுக்கி வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பெரிய காடிகளும் வேண்டும், பட்டன் மேலேயே பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்களும் வேண்டும். மட் டயரில் காடி தாராளம், கீறல் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. போதாததற்கு அந்த ரப்பரையே கல்லில் வெட்டுப்படாமல் தாங்குவதற்காகக் கலந்திருப்பார்கள், ஈரத் தாரைப் பிடிப்பதற்காக அல்ல. உயரமான பட்டன் பிரேக் போடும்போதும் திருப்பும்போதும் வளைந்து நெளியும். பல நாள் வெயிலில் எண்ணெயும் தூசியும் படிந்த ரோட்டில் முதல் தூறல் விழும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இத்தனையும் சேர்ந்துகொள்கிறது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். டயருக்கு இருக்கிற பிடிப்பை வைத்துத்தான் ஏபிஎஸ் வேலை செய்யும், இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

சரி, இத்தனை பேருக்கு எதற்கு மட் டயர்? "ஜவ்வாது மலைக்கு அடிக்கடி போவோம்ணா." எங்கே? ஜமுனாமரத்தூர். அது தார் ரோடு, பஸ் போகிறது. காவலூருக்கும் தார் ரோடு. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதுவும் தார் ரோடு. அங்கெல்லாம் போவதற்கு ஆஃப்ரோடு டயரே தேவையில்லை. இறக்கத்தில் பிடிக்கிற நல்ல ஹைவே டயரும் ஒழுங்கான பிரேக்கும் போதும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், மலைக் கிராமங்களுக்குள் மண் பாதையில் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள், இவர்கள் கேட்டால் அர்த்தம் இருக்கிறது. அவர்களுக்கும் நான் சொல்வது ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயர்தான்.

எச்டி என்றால் ஹைவே டயர், எம்டி என்றால் மட் டயர், ஏடி இரண்டுக்கும் நடுவே. ஆனால் ஏடி என்று எழுதிய எல்லாமே ஒன்றல்ல, அங்கேதான் ஏமாறுகிறார்கள். சில ஏடி டயர்கள் பெயரில் மட்டும் ஏடி, குணத்தில் மட் டயரின் தம்பி. கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓடும் பட்டை அறுபடாமல் அல்லது நெருக்கமாகத் தொடர்ந்து வருகிறதா? பட்டன்களின் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கின்றனவா? ஓரத்துப் பட்டன் மட்டும் கொஞ்சம் முரடாக இருக்கிறதா? தினமும் ஓடும் வண்டிக்கு இந்த மாதிரி சாது ஏடி போதும். பக்கவாட்டில் மலையும் பனிச்செதிலும் சேர்ந்த ஒரு சின்னம் இருந்தால் அது பனியில் சோதித்த டயர் என்று அர்த்தம். அந்தச் சின்னத்தைக் காட்டிக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூரில் பனிச் சின்னத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பாலாற்று மணலுக்கு மட் டயர் வேண்டும் என்பது இன்னொரு கதை. காய்ந்த மணலில் முரட்டுப் பட்டன் தோண்டும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி ஆக்சில் வரை இறங்கும். மணலில் கை கொடுப்பது காற்றைக் குறைப்பதுதான். 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தட்டையாகி, நீளமாகப் படுத்து, மணல் மேல் மிதந்து போகும். வேகம் கூடாது, ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. வெளியே வந்ததும் திரும்பக் காற்று அடித்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும். இருபதாயிரம் ரூபாய் டயர் வாங்குபவர்கள் ஒரு கையடக்கக் கம்ப்ரஸரும் கேஜும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

காற்றைப் பற்றி இன்னொன்று. வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடாகும். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஓரத்தில் கிழிந்து கிடக்கும் டயர்களில் பல அப்படிச் செத்தவைதான். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை வையுங்கள். ஓடிய பிறகு நாலைந்து பிஎஸ்ஐ ஏறும். அது இயல்பு, அதைப் பிடுங்கி விடாதீர்கள். எல்டி (லைட் டிரக்) என்று ஆரம்பிக்கும் கனமான டயருக்கு மாறியிருந்தால் கதவோர அளவு போதாது. அதே எடையைத் தாங்க அதற்கு இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும். டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தெரியாது என்று சொல்லும் கடையில் எல்டி டயர் வாங்காதீர்கள்.

அளவுக்கு வருவோம். 245/70 ஆர்16 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், டிஸ்க் (ரிம்) 16 இன்ச். 245/70 ஆர்16 வண்டியில் 265/75 ஆர்16 போட்டால் பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் உயரம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர், புதியது 804. ஏழு சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 86-இல் போகிறீர்கள். ஓடோமீட்டர் குறைவாக ஓடும், ஆயில் மாற்றும் கணக்கும் தப்பும். ("மைலேஜ் பாதியாயிடுச்சுண்ணா" என்று புலம்புகிறவர்களே, அதில் ஒரு பங்கு மீட்டர் சொல்லும் பொய்.) கிளட்சுக்குப் பளு, பிரேக்குக்கு அதைவிடப் பளு. முழுசாக ஸ்டீரிங் ஒடித்தால் ஃபெண்டர் லைனரில் உரசும். டயர் பாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டிக் கேள்வி வரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதையேதான் கேட்பார். கம்பெனி அளவிலேயே இருங்கள்.

டயரின் பக்கத்தில் 111டி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை. பழைய டயரில் இருந்த எண்ணை விடக் குறைவான எண் வேண்டவே வேண்டாம், அதுவும் லோடு ஏற்றுகிற பிக்கப்பில். மட் டயர்களில் பெரும்பாலும் கியூ, அதாவது 160 என்று இருக்கும்.

அதே பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. வாங்கும்போது தேதி பார்க்காத ஒரே பொருள் நம் ஊரில் டயர்தான். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்கிற கை, இதற்குக் குனியாது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "இம்போர்ட்டட் பீஸ், கடைசி செட்" என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் அந்த எண்ணையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். அரக்கோணத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் டயர் ஆலைகளை வைத்துக்கொண்டு, எந்தக் குடோனிலோ ஆண்டுக்கணக்காகக் கிடந்து காய்ந்த டயருக்கு நாம் அதிக விலை கொடுக்கிறோம்.

மாதம் ஒருமுறை ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டன் தேயவே தேயாது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். ஐந்து வருடம் ஆனதும் வருடம் ஒருமுறை கழற்றிக் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

மட் டயரின் 'ம்ம்ம்ம்' சத்தம் பழகிவிடும் என்பார்கள். பழகும், அதுதான் ஆபத்து. வீல் பேரிங் போகும்போது வரும் சத்தமும் ஏறக்குறைய அதேதான். டயர் சத்தம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்து, ஹப் சூடாகி, வீல் ஆட ஆரம்பித்த பிறகு வருகிறார்கள். முரட்டு டயர் போட்டவர்கள் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஜாக்கி வைத்துத் தூக்கி வீலை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், புதியது பின்னால். ஆமாம், பின்னால்தான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். ஆனால் 4x4 வண்டியில் இந்த இரண்டு டயர் சமாச்சாரமே வேண்டாம். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் 4எச் (நான்கு வீலும் இழுக்கும் கியர்) போடும்போது கியர் பாக்ஸும் ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து. காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஏடி பட்டன் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தேய்ந்து ரம்பம் போல ஆகிவிடும், பிறகு எந்த பேலன்சிங்கும் அந்த அதிர்வை நிறுத்தாது. மலையில் இருந்து இறங்கியதும் காடியில் சிக்கிய கல்லைக் குத்தி எடுங்கள். எடுக்காவிட்டால் அது உள்ளே துளைத்துக்கொண்டே போகும். 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி எல்லை. மழைக் காலத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.

உண்மையிலேயே சேற்றில் இறங்குகிறவர்கள், காட்டு வேலை இருப்பவர்கள், மட் டயரைத் தனி டிஸ்க்கில் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் மாட்டுங்கள், வந்ததும் கழற்றுங்கள். இதைச் சொன்னால் "அவ்ளோ யாருண்ணா செய்வாங்க" என்கிறார்கள். செய்ய முடியாதென்றால், உங்களுக்கு அந்த டயர் அவ்வளவு தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

டயர் வாங்க வரும்போது போன மாதம் வண்டி எங்கெங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு லோடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். போனில் ஒருவர் வண்டி படத்தைக் காட்டி "இது மாதிரி" என்று கேட்காதீர்கள். அந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும், எந்தக் கடையில் மாட்டியிருந்தாலும். ஐந்து நிமிட வேலை, இதற்கு நான் காசும் வாங்குவதில்லை. ஆனாலும் பாதிப் பேர் வருவதில்லை.