சாய்வா, வெட்டுத்துண்டா?

பத்தாம் வகுப்பு மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “ஒய் = எம்எக்ஸ் + சி. எம் சாய்வு, சி வெட்டுத்துண்டு. சரி, இரண்டில் எது முக்கியம்?”

இது நேர்கோட்டின் சமன்பாடு. எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு கூடுகிறது என்பது சாய்வு. எக்ஸ் பூஜ்யமாக இருக்கும்போது ஒய் என்ன என்பது வெட்டுத்துண்டு. இவ்வளவு புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தால் இரண்டுக்கும் குணம் வேறு. பிளஸ் டூவில் வரும் ஒளிமின் விளைவு இதை அழகாகக் காட்டும்.

உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிர் மின்னழுத்தம் கொடுத்து அவற்றைத் தடுக்கலாம். அதிவேகமான எலக்ட்ரானையும் நிறுத்திவிடும் அளவுதான் நிறுத்து மின்னழுத்தம். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக இதை வரைந்தால் நேர்கோடு வரும் என்று 1905இல் ஐன்ஸ்டீன் சொன்னார். எந்த உலோகத்தை வைத்தாலும் சாய்வு ஒன்றுதான்: ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்ணான பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் வருவது. அந்தந்த உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல், அதாவது வெளியேற்று ஆற்றல், வெட்டுத்துண்டில் உட்கார்ந்திருக்கும்.

சிகாகோவில் இருந்த இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. சோதித்துப் பார்க்க ஏறக்குறைய பத்தாண்டு செலவழித்தார். சோடியத்தின் மேல் காற்றுப் பட்டால் உடனே ஆக்சைடு படிந்துவிடும். அதனால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் அதை நகர்த்தி, உலோகத்தின் மேற்பரப்பைச் சீவினார். 1916இல் அவர் வெளியிட்ட கோடு ஐன்ஸ்டீன் சொன்னபடியே நேராக இருந்தது. அப்போதும், ஒளி துகள்களாக வருகிறது என்ற ஐன்ஸ்டீனின் கருத்தை அவர் ஏற்கவில்லை! நம்பாத ஒரு கருத்தைச் சோதிக்க அவருக்கு இடமும் காலமும் கிடைத்தன. ஆய்வு நிதி கேட்பவரிடம் முடிவை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் வழக்கத்தில் இப்படிப்பட்ட சோதனை பிறக்காது என்பது என் எண்ணம்.

இனி எனக்குப் பிடித்த இடம். பாதரச விளக்கின் இரண்டு நிறங்களை எடுத்துக்கொள்வோம். 404.7 நானோமீட்டர் ஊதா ஒளியின் அதிர்வெண் 7.41 × 10¹⁴ ஹெர்ட்ஸ். 254 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 11.80 × 10¹⁴. வெளியேற்று ஆற்றலைச் சோடியத்துக்கு உரியபடி 2.3 எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்) என்று வைத்தால், நிறுத்து மின்னழுத்தம் முதலாவதற்கு 0.76 வோல்ட், இரண்டாவதற்கு 2.58 வோல்ட் வரவேண்டும். வித்தியாசம் 1.82. அதை அதிர்வெண் வித்தியாசமான 4.39 × 10¹⁴ஆல் வகுத்து, எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 6.64 × 10⁻³⁴. பிளாங்க் மாறிலி கைக்கு வந்துவிட்டது.

இப்போது கருவியில் ஒரு கோளாறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேறு உலோகங்களை மின்சுற்றில் இணைத்தாலே அவற்றுக்கிடையே ஒரு சிறு மின்னழுத்தம் தானாக எழும். தொடு மின்னழுத்தம் என்று பெயர். அதனால் எல்லா அளவும் 0.3 வோல்ட் குறைவாகக் காட்டுகிறது. அப்போது 0.46, 2.28. கழித்துப் பாருங்கள்: அதே 1.82. மளிகைக்கடைத் தராசு வெறுமனே இருக்கும்போதே 50 கிராம் காட்டினாலும், அரிசி போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் சரியாகத்தானே இருக்கும்! மாறாத பிழை முழுவதையும் வெட்டுத்துண்டு தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. சாய்வுக்கு அதன் வாடைகூட எட்டாது. வெளியேற்று ஆற்றல் வேண்டுமென்றால்தான் தொடு மின்னழுத்தத்தைத் தனியாக அளந்து திருத்த வேண்டும். மில்லிகன் அதையும் செய்தார்.

ஆனால் பிழை மாறாமல் இருக்க வேண்டும். ஊதாவுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று மாறினால் சாய்வும் கெட்டுவிடும். அதைவிட மோசம், கோடு பூஜ்யப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைத்து ஸ்கேலை அங்கே கொண்டுபோய் வைப்பது. ஆய்வகப் பதிவேடுகளில் இதைப் பார்க்கலாம். அப்படி வரைந்தால் வெட்டுத்துண்டு சுமக்க வேண்டிய பிழை சாய்வின் மேல் ஏறிவிடும்.

ஆக, வாசகியின் கேள்விக்குப் பதில், எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மில்லிகனுக்குச் சாய்வு முக்கியம். இன்று நிலைமை வேறு. 2019 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் வரையறையாலேயே நிர்ணயிக்கப்பட்ட எண்கள். கல்லூரியில் இந்தச் சோதனையைச் செய்யும் மாணவர் சாய்வைக் கண்டுபிடித்தால், உண்மையில் தன் கருவியைத்தான் சோதிக்கிறார். புதிதாக அளக்க மிச்சம் இருப்பது வெட்டுத்துண்டு மட்டுமே.