ஹெல்மெட்டுக்குள் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது?

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அமெரிக்க விண்வெளி உடையோடு வெளியே வருபவரின் மார்பில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதன்மேல் உள்ள எழுத்துகள் இடவலம் மாறி அச்சாகியிருக்கும். அச்சுப்பிழை இல்லை. அந்த உடையில் குனிந்து தன் மார்பைத் தானே பார்க்க முடியாது; மணிக்கட்டில் கட்டிய சிறு கண்ணாடியில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலைகளின் குறிப்பும் கைப்பட்டையில், புரட்டிப் பார்க்கும் குட்டிப் புத்தகமாகத்தான் இருக்கிறது. 1969ல் அப்பல்லோ 12 குழு நிலவுக்குக் கொண்டுபோனதும் இதே மாதிரிதான்.

மீதியெல்லாம் காதுவழி. விண்நடை ஆறரை மணி நேரம் போகும். அடுத்து எந்த போல்ட், கருவியில் என்ன அமைப்பு, எத்தனை சுற்று என்று நிலையத்துக்குள் இருப்பவரோ, அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள தரைக்கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவரோ வாசித்துக்கொண்டே வருவார்கள். பூமிக்கு அருகில் இது நன்றாகவே நடக்கிறது. செவ்வாயில் நடக்காது. அங்கிருந்து ரேடியோ அலை இங்கே வர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். போல்ட் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு முக்கால் மணி நேரம் வரை காத்திருக்க முடியுமா? அதனால்தான் வழிகாட்டுதலைக் கண்ணெதிரே, காட்சியின் மேலேயே காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியின் மேல் இவ்வளவு ஆர்வம்.

படத்தை முதலில் எங்கே வைப்பது? ஹெல்மெட் கண்ணாடியிலேயே எழுதினால் மங்கலாகத்தான் தெரியும், அவ்வளவு கிட்டத்தில் கண் குவியாது. லென்ஸ் வைத்து, கைக்கெட்டும் தூரத்திலோ சற்றுத் தள்ளியோ மிதப்பதுபோல் காட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிவிடலாமே என்றால், அது நழுவினால் தள்ளிவிட முடியாது. மூக்கு அரித்தால்கூடக் கை போகாத இடம் அது. ஹெல்மெட்டோடு பொருத்தினால் வேறு தொல்லை: தலை உள்ளே திரும்பும், ஹெல்மெட் திரும்பாது. போதாக்குறைக்கு, உடைக்குள் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜன். ஒரு கம்பி சூடேறினாலே ஆபத்து. ஆகவே மின்சுற்றை முடிந்தவரை ஹெல்மெட்டுக்கு வெளியே தள்ளப் பார்க்கிறார்கள்.

அப்புறம் வெளிச்சம். நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது; முக்கால் மணிக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும். ஒளி ஊடுருவும் திரையால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், கருப்பைக் காட்ட முடியாது. கொளுத்தும் வெயிலில் வெள்ளை உலோகத்தின்மேல் எழுத்து கரைந்துபோகும். இருட்டில் அதே எழுத்து கண்ணைக் கூசும்.

அம்புக்குறி சரியான போல்ட்டின்மேல் நிற்க, தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கருவிக்குத் தெரிய வேண்டும். நம் கைப்பேசி ஈர்ப்பை உணர்ந்து ‘கீழே எது’ என்று கண்டுகொள்கிறது. சுற்றுப்பாதையில் எல்லாமே விழுந்துகொண்டே இருப்பதால், அதை உணரும் கருவியான முடுக்கமானி சுழியத்தைக் காட்டும். அங்கே கீழே என்று ஒன்று இல்லை. கேமராவை நம்பலாம் என்றால், நிழல்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரி நாலு போல்ட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அம்பு இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் தப்பான போல்ட் கழன்றுவிடும். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட அம்பைவிட ‘மேல் இடது மூலை’ என்ற ஒரு வரி எவ்வளவோ தேவலை.

கட்டளை கொடுப்பதும் லேசில்லை. தடித்த கையுறைக்குள் விரல்களுக்கு வேறு வேலை இருக்கிறது. குரலால் சொல்லலாம், ஆனால் அதே குரலைத்தான் கூட்டாளியும் தரைக்கட்டுப்பாடும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாசா 2018 முதல் நடத்தும் ‘சூட்ஸ்’ போட்டியில் கல்லூரி மாணவர் குழுக்கள் இப்படிப்பட்ட இடைமுகங்களைச் செய்து, ஹூஸ்டனின் ஜான்சன் விண்வெளி மையத்தில் சோதித்துப் பார்க்கின்றன.

ஆனால் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதுதான். விமானிகளுக்குக் கண்ணெதிரே தகவல் காட்டும் திரை வந்தபோதே இது தெரிந்துவிட்டது. நிஜ விமானம்போல் இயங்கும் பாவனைக் கருவியில் (சிமுலேட்டர்) நடந்த சோதனைகளில், திரையின் எண்களில் ஆழ்ந்துபோன சிலர் ஓடுபாதையில் நின்ற இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அதனால் ஆக்சிஜன் அளவும் மின்கல அளவும் எப்போதும் மின்னிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டும்போது வந்தால் போதும். நடப்பது ஏழாவது படி என்றால் ஏழும், அடுத்து வரும் எட்டும் போதும். கை வேலையில் இறங்கியதும் எழுத்து ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும்.

திரும்பும் வழியை மட்டும் படத்தை நம்பி விட முடியாது. 2013 ஜூலை 16 அன்று, விண்நடையின்போது, இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பர்மிட்டானோவின் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் கசிந்து மூக்கையும் கண்ணையும் மூடியது, சூரியனும் மறைந்துவிட்டது. உடையில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை உணர்ந்துதான் அவர் நிலையத்தின் வாசல் அறைக்குத் திரும்பினார். எவ்வளவு நல்ல திரை இருந்திருந்தாலும் அன்று அவரால் அதைப் பார்த்திருக்க முடியாது.