50 புழு, 300 மில்லி ரத்தம்

மண் தின்னும் பிள்ளையைப் பார்த்தால், "அதான் வயிற்றில் பூச்சி" என்பார்கள். பல நேரம் கதை தலைகீழ். இரும்புச்சத்து தீர்ந்துபோன பிள்ளைக்குத்தான் மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்னும் ஆசை வருகிறது. திட்டுவதற்கு முன் கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் வெளுத்திருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாக்குப்பூச்சியும் கீரிப்பூச்சியும் எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தைக் காலி செய்வதில் அவற்றைவிட மோசமானது கொக்கிப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு துணுக்கை வாய்க்குள் இழுத்துக் கவ்விக்கொள்ளும். சாதாரணக் கீறலில் ரத்தம் சில நிமிடத்தில் உறைந்துவிடும். இதுவோ உறையவிடாத புரதங்களைக் காயத்தில் விடுகிறது. குடித்துவிட்டு வேறு இடத்துக்கு நகர்ந்த பிறகும் பழைய காயம் கசிந்துகொண்டே இருக்கும்.

மனிதரைப் பிடிக்கும் இரண்டு முக்கிய வகைகளில், பெரியது ஒன்றால் நாளொன்றுக்குப் போவது சுமார் 0.2 மில்லி. நாலு சொட்டு. 50 புழு இருந்தால் 10 மில்லி, மாதத்துக்கு 300. ரத்ததான முகாமில் ஆரோக்கியமானவரிடம் எடுப்பதே 350 மில்லிதான், அதையும் மாதாமாதம் எடுப்பதில்லை. அந்த 10 மில்லியில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் இரும்பு இருக்கும். சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம். கசிந்ததில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப எடுத்துக்கொண்டாலும் வரவைவிடச் செலவே அதிகம். முதலில் ஈரலில் உள்ள சேமிப்பு கரையும், அப்புறம் ஹீமோகுளோபின் இறங்கும். மெல்ல இறங்குவதால் உடம்பும் பழகிவிடும். மாதவிடாயிலும் ரத்தம் இழக்கும் பெண்கள், மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் ஓட்டிவிடுவதுதான் வேதனை.

புழு எப்படி உள்ளே வருகிறது? 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் சிவந்து எரிந்தது. பிறகு அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. தோலைத் துளைத்துக்கொண்டு வரும் என்று அப்படித்தான் தெரிந்தது. திறந்தவெளியில் கழித்த மலத்திலுள்ள முட்டைகள், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிந்து, ஒரு வாரம் போல் ஆனதும் தொற்றத் தயாராகின்றன. வெறுங்காலின் விரலிடுக்கில் நுழைந்து, ரத்தம் வழியாக நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டைக்கும் ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய்ச் சேரும்.

2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை, புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாதபடி செய்து அதைப் பட்டினி போடுகிறது. ஆனால் போன இரும்பை அது திருப்பித் தராது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்பும் வரை. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது உடம்பு எடுத்துக்கொண்டது போக மீந்த இரும்பின் நிறம்.